கூடாரத்தில் காணாமல் போன பெருமாள்

பெரியநாயக்கன்பாளையம்,
ஆனி மாதம், ஏகாதசிக்கு மறுநாள்.

சௌபாக்கியவதி வகுளாவுக்கு, உன் அண்ணன் வீட்டிலிருந்து ரங்கநாயகி எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிரத்யுஷாவும் தேக சுகத்தோடு இருக்க வேண்டும் என்று இன்று விடியற்காலையிலும் வேண்டிக்கொண்டேன். எந்தப் பெருமாள் முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன் என்று நீ கேட்கக்கூடும். வெறும் தட்டு முன்னால்.

அந்தக் கடைசி நாள் காலையில் பாலைவனத்துக் கூடாரத்தில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நான். உன் அண்ணன் சென்னகேசவன். நீ. உன் மகள் பிரத்யுஷா. அந்த விடுதியை நடத்துகிற சுஃப்யான். கூடாரம் பெருக்குகிற அஃபான். மொத்தம் ஆறு பேர். ஏழாவதாக நம் வீட்டுப் பெருமாள் இருந்திருக்க வேண்டும். வெள்ளிச் சம்புடம் திறந்து கிடந்தது, பட்டுத் துணி உள்ளே இருந்தது, சாளக்கிராமம் இல்லை. இதில் பிழை இருந்தால் நீ திருத்தி எழுது.

ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் "சிக்னல் விட்டு விட்டு வருது வதினா" என்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் பிரத்யுஷா உன் போனை எடுத்து ஆங்கிலத்தில் மாற்றிப் படித்துவிடுவாள். தன் அம்மாவைப் பற்றி அந்தப் பெண் இப்படித் தெரிந்துகொள்ள வேண்டாம். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாமல் போயிற்றே என்று ஒரு காலத்தில் என்னிடம் வருத்தப்பட்டாய். இப்போது அதற்கு சந்தோஷப்படு. என் கையெழுத்தை எந்த மெஷினாலும் படிக்க முடியாது என்று என் மகன் வம்சி வேறு சொல்கிறான்.

நடந்தது எல்லாம் உனக்குத் தெரியும். ஆனாலும் முதலிலிருந்து எழுதுகிறேன். என் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அது எப்படி இருந்தது என்பது உனக்குத் தெரியாது.

பொங்கலுக்கு நீ டாலஸிலிருந்து வந்தாய். வந்த மறுநாளே, அண்ணன் ஒரு நாள் கூட ஃபவுண்டரியை விட்டு நகர்ந்ததில்லை, வதினா ஒரு ராத்திரி கூட வெளியே தங்கியதில்லை, உங்கள் இருவரையும் ராஜஸ்தான் பாலைவனத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று ஆரம்பித்தாய். பிரத்யுஷா லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். நாடோடி ஜனங்கள் ஆட்டு மயிரில் நெய்து போடுகிற கறுப்புக் கூடாரங்கள். கரண்டு கம்பி கிடையாது, சூரிய வெளிச்சத்தில் எரிகிற விளக்குகள். பூமிக்கு ஒரு கெடுதலும் செய்யாத இடம் என்றாள். நல்ல பெண்தான், அவள் சொன்னது எல்லாம் உண்மை.

பெருமாளை விட்டுவிட்டு நான் எப்படி வருவது என்று கேட்டேன். தினமும் நீராட்ட வேண்டும், துளசி வைக்க வேண்டும், சோறு காட்டாமல் வீட்டில் யாரும் வாயில் வைக்கக் கூடாது. இது என் மாமனார், உன் அப்பா போட்ட சட்டம். அத்தை இருந்தவரைக்கும் பெருமாள் நம் வீட்டு நிலைப்படியைத் தாண்டியதே இல்லை. அதற்கு நீ என்ன சொன்னாய் என்பது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "எடுத்துட்டே வாங்க வதினா. அவரும் எத்தனை நாளைக்கு பூஜை ரூமையே பாத்துட்டு இருப்பாரு, கொஞ்சம் ஊரு பாக்கட்டுமே" என்றாய். உன் அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் பல்லை நானே தட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அந்த இடத்தைக் குறை சொல்ல மாட்டேன். வாசலிலேயே பிளாஸ்டிக் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு துணிப்பை கொடுத்தார்கள். நான் கொண்டுபோன தட்டுவடையைப் பாலிதீன் கவரிலிருந்து கொட்டி ஒரு மண் சட்டியில் போட்டுத் தந்தார் அஃபான். உன் அண்ணன் வயதுதான் இருக்கும் அவருக்கு. வெள்ளைத் தலைப்பாகை, மருதாணி போட்ட தாடி. வேர்வை நாற்றத்துக்குப் பதிலாக ஒட்டக வாசனை அடிக்கும், அவ்வளவுதான். கக்கூஸில் தண்ணீருக்குப் பதில் மணலும் மரத்தூளும் போடச் சொன்னார்கள். உன் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "அம்மணி, பூமிய காப்பாத்தறதுக்குள்ள நம்ம வயிறு போயிரும்போல" என்று சொன்னதற்கு நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பெரிய பித்தளைக் குடம் தண்ணீர். குளிக்கிற தண்ணீர் வாய்க்காலில் ஓடி ஈச்சங்கன்றுகளுக்குப் போகும்.

தண்ணீர் அளவு எனக்குப் புதிது அல்ல. சிறுவாணித் தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு முறை வந்த காலத்தில் குடித்தனம் நடத்தியவள் நான். என் குடத்தில் முதல் சொம்பைப் பெருமாளுக்கு எடுத்து வைப்பேன், பிறகுதான் எனக்கு. பாலைவனத்தில் வைகறையில் அந்தக் குளிர்ந்த நீரைச் சங்கில் எடுத்து வார்த்தபோது, வீட்டில் ஒரு நாளும் வராத அழுகை வந்தது. சுற்றிலும் மணல். ஒரு சத்தம் கிடையாது. கூடாரத்துத் துணி மட்டும் மூச்சு விடுவது போல உள்ளே வந்து வெளியே போனது. பெருமாள் ஊர் பார்க்கிறார் என்று நினைத்தேன். உனக்கு நன்றி கூடச் சொன்னேன் மனதுக்குள். அந்த நன்றியை இந்தக் கடிதத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

முதல் சாயங்காலம் சாப்பாட்டுக் கூடாரத்தில் சுஃப்யான் சொன்னதைப் பிரத்யுஷா எங்களுக்கு மாற்றிச் சொன்னாள். இந்த மண் ஒரு காலத்தில் கடலாக இருந்தது. நத்தை மாதிரி சுருண்ட பழைய கல்லெல்லாம் இங்கே கிடைக்கும். வருகிறவர்கள் பை நிறைய அள்ளிக்கொண்டு போனதால் இப்போது ஒரு கட்டுப்பாடு: இந்த மண்ணிலிருந்து ஒரு கல்லும் வெளியே போகக் கூடாது. கூடாரம் பெருக்கும்போது கல் ஏதாவது கண்ணில் பட்டால் எடுத்து மணலில் போட்டுவிடுவார்கள், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் மேஜையில் அப்படிப்பட்ட ஒரு கல் காட்டுவதற்காக இருந்தது. கறுப்பாக, சுருள் சுருளாக. நீ அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "நம்ம பெருமாளாட்டவே இருக்குது பாருங்க வதினா" என்றாய்.

பிரத்யுஷா ஒருபடி மேலே போய், சாளக்கிராமமும் இதே மாதிரிதான் அத்தை, கடல் பிராணியின் ஓடு கல்லானது என்றாள். நான் அவளிடம், இருக்கட்டும் கண்ணு, பாற்கடலும் கடல்தானே என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீ அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

கடைசி நாள் காலை. குளித்துவிட்டு வந்து பெருமாளுக்கு நீராட்டி, துடைத்து, பட்டில் சுற்றிச் சம்புடத்தில் வைத்துவிட்டு, நான் ஈரப் புடவையைத் துவைத்து உலர்த்தப் போனேன். உன் அண்ணனும் பிரத்யுஷாவும் சூரியன் எழுவதைப் பார்க்க மணல்மேடு ஏறினார்கள். உனக்குத் தலைவலி, படுத்திருந்தாய். நான் ஈரத் தலையோடு திரும்பி வந்தபோது சம்புடம் திறந்திருந்தது.

நான் கேட்பதற்கு முன்னாலேயே நீ சொன்னாய்: "அந்த ஆளு வந்து பெருக்கிட்டுப் போனான் வதினா. கையில ஏதோ கல்லு வச்சிருந்தான். நான் அரைத் தூக்கத்துல இருந்தனா, கவனிக்கல."

அஃபானைக் கூப்பிட்டார்கள். பிரத்யுஷா படுக்கைக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு சுருள் கல்லைத்தான் எடுத்து மணலில் போட்டேன், பெட்டியைத் தொடவே இல்லை என்றார். அவர் சொல்வது எனக்குப் புரிந்தது. ஹிந்தியில் 'இல்லை' என்பதும் 'தொடவில்லை' என்பதும் எனக்குத் தெரியும், புத்தகம் வைத்துப் படித்திருக்கிறேன். ஆனால் நீ ஆங்கிலத்தில் சுஃப்யானிடம் பேசிய வேகம் எனக்குப் புரியவில்லை. தெரியாமல்தான் செய்திருப்பார், பாவம், கல் என்று நினைத்திருப்பார் என்று நீ சொன்னதாகப் பிரத்யுஷா சொன்னாள். எவ்வளவு கருணை உனக்கு. திருட்டுப் பட்டத்தைவிட முட்டாள் பட்டம் லேசானது என்று கணக்குப் போட்டிருக்கிறாய்.

பிறகு தேடினோம். கோயிலில் கூட முட்டி போடாத உன் அண்ணன், முழங்கால் வலியோடு மணலில் நான்கு காலில் ஊர்ந்தார். அஃபான் சமையல் கூடாரத்திலிருந்து மாவு சலிக்கிற சல்லடையைக் கொண்டுவந்து, தான் அந்தச் சுருள் கல்லைப் போட்ட இடத்து மணலைச் சலித்துக்கொண்டே இருந்தார். சலிக்கச் சலிக்கக் காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டியது. நீயும் தேடினாய் வகுளா. புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, "கோவிந்தா கோவிந்தா" என்று சொல்லிக்கொண்டு தேடினாய். எங்கள் எல்லோரையும்விட நீதான் அதிகமாக அழுதாய்.

கார் வந்தது. சுஃப்யான் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அஃபானை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பினார். அவர் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மணலில் நடந்து போனதை நான் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நீயும் பார்த்தாய். என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய்.

ஜோத்பூரில் பிரிந்தோம். நீங்கள் டெல்லி வழியாக அமெரிக்காவுக்கு, நாங்கள் கோயம்புத்தூருக்கு. நீ என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய். உன் கைப்பை என் விலா எலும்பில் நறுக்கென்று இடித்தது. பெருமாள் எனக்குச் சொல்லித்தான் பார்த்திருக்கிறார். எனக்குத்தான் விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து நான் இருந்த இருப்பை எழுதப் போவதில்லை. உனக்கு அது இனிப்பாக இருக்கும்.

வைகாசியில் உன் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். உங்கள் ஊரில் காலை, எங்களுக்கு விளக்கு வைக்கிற நேரம். நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்று வம்சி கூடத்து டிவியில் போட்டான். நம் உறவில் மூத்தவர் பாலுசாமி மாமா வந்திருந்தார், ஆர்.எஸ்.புரத்துச் சித்தப்பா வீட்டார் வந்திருந்தார்கள், கூடம் நிறைந்திருந்தது. எல்லோருக்கும் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிரத்யுஷா போனைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினாள். சமையலறை, மாடி, கார் நிற்கிற இடம், கறி சுடுகிற அடுப்பு. கடைசியாக பூஜை அறை. "அம்மாவோட ஸ்பெஷல்" என்று சொல்லிக் கிட்டத்தில் கொண்டுபோனாள்.

வெள்ளித் தட்டில் நம் பெருமாள்.

முன்பக்கம் சக்கர வாய். பக்கவாட்டில் பூணூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு, கீழே வந்து இரண்டாகப் பிரியும். பிரத்யுஷா அவரைக் கிட்டத்தில் பார்த்ததில்லை, அவளுக்குத் தெரியாது. இருபது வருஷத்துக்கு மேல் தினமும் துடைத்தவள் நான். பெற்ற பிள்ளையின் முதுகு மச்சத்தைக் கடையில் விற்கிற மச்சம் என்று யாராவது சொன்னால் நம்புவேனா?

பாலுசாமி மாமாவுக்குக் கண் மங்கல், ஆனால் சில விஷயத்துக்கு மட்டும் தெளிவாகத் தெரியும். "ஏனம்மணி வகுளா, அது உங்கப்பன் வச்சிருந்த பெருமாளாட்ட இருக்குதே" என்று டிவியைப் பார்த்துக் கத்தினார். நீ அப்போதுதான் பிரத்யுஷா எதைக் காட்டிக்கொண்டிருக்கிறாள் என்று பார்த்தாய். உன் முகம் மாவு போல வெளுத்தது. கூடத்தில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பாலைவனத்தில் தொலைந்துவிட்டது என்று அழுது சொன்னவள் நான்தானே.

"நான்தானுங்க மாமா குடுத்தேன்" என்றேன். "மணல்ல தொலஞ்சுபோச்சுன்னு நெனச்சோம். எங்களுக்குள்ள ஒரு கொழப்பம், அவ பொட்டியில மாறிப் போயிருந்திருக்குது. பொறந்த பொண்ணு புது ஊடு கட்டறா, அவ கையிலயே இருக்கட்டும்னு நானே குடுத்துபோட்டேனுங்க."

பொய்தான். வாழ்நாளில் பெருமாள் பெயரில் நான் சொன்ன ஒரே பொய். அதற்கு அவரிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன், அதில் நீ தலையிட வேண்டாம்.

நீ டிவியிலிருந்து என்னைப் பார்த்தாய். "அண்ணி" என்றாய். பதினைந்து வயதிலிருந்து என்னை வதினா என்று தெலுங்கில்தான் கூப்பிடுவாய். கோபத்திலும் பயத்திலும் மட்டும் அது தமிழில் அண்ணி ஆகும். அன்றைக்கு அது கோபம் இல்லை. உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தாயா? பிரத்யுஷா மறுநாள் எனக்குப் போன் செய்து, அம்மா இரவெல்லாம் சந்தோஷத்தில் அழுதாள் அத்தை என்றாள். சந்தோஷமாக இருக்கட்டும்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கொடுத்தவள் சொல்லித்தானே தர வேண்டும்.

விடிவதற்கு முன் எழுந்து குளித்துவிட்டு நீராட்டு. டிசம்பரில் உங்கள் ஊரில் பனி விழும் என்று சொல்வாய், பனி விழட்டும். துளசி இல்லாமல் ஒரு நாளும் கூடாது, துளசி பனியில் கருகும், அதை வீட்டுக்குள் வளர்க்க ஒரு வழி பார்த்துக்கொள். சோறு புதுப் பானையில் தனியாக வடித்துக் காட்டிய பிறகுதான் மாப்பிள்ளைக்குக் காபியே. வீட்டில் முட்டையும் கறியும் நுழையக் கூடாது, அந்தக் கறி அடுப்பை யாருக்காவது கொடுத்துவிடு. சின்ன வயதில் பக்கத்து வீட்டு ஜன்னலில் கை நீட்டிக் கோழிக்குழம்பு வாங்கித் தின்றவள் நீ, உன் அண்ணன் சொல்லியிருக்கிறார். இனிமேல் டாலஸில் எந்த ஜன்னல் என்று தேடிக்கொள். பெருமாளைத் தனியாக விட்டு ஒரு ராத்திரியும் வெளியே தங்கக் கூடாது. அலாஸ்காவுக்குக் கப்பலில் போகிறோம் என்று பிரத்யுஷா சொன்னாள். மாப்பிள்ளையும் அவளும் போய்வரட்டும்.

இன்னொன்று. பெண்கள் சாளக்கிராமத்தைத் தொடக் கூடாது என்று, உன் அப்பா காரியம் முடிந்த அன்றைக்கு, கூடத்தில் நாலு பேர் கேட்க என்னிடம் சொன்னாய். நான் வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டேன். பிறகு நானாகவே மந்திரமெல்லாம் எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டேன். சாஸ்திரம் தெரிந்தவர்களைத் தேடிப்போய்க் கேட்டேன். சிலர் கூடாது என்றார்கள், சிலர் பக்தி இருந்தால் போதும் என்றார்கள். உன் வீட்டில் இப்போது யார் தொடுகிறார்கள்?

அஃபான் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். டிவியில் பார்த்த மறுநாள் உன் அண்ணனை உட்காரவைத்து சுஃப்யானுக்குப் போன் போடச் சொன்னேன். மோட்டார் பம்பு விற்கிற ஹிந்தியில் அவர் தட்டித் தடவிப் பேசினார். கல் கிடைத்துவிட்டது, உங்கள் ஆள் மேல் ஒரு தப்பும் இல்லை, அவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுங்கள் என்றார். எங்கே கிடைத்தது என்று சுஃப்யான் கேட்டார். உன் அண்ணன் போனை என் பக்கம் நீட்டினார். நான் போனை வாங்கி, "நனத்" என்று மட்டும் சொன்னேன். ஹிந்தியில் நாத்தனார். அப்புறம் சுஃப்யான் சொன்னது உன் அண்ணன் மூலமாக வந்தது. வேலையை விட்டு அனுப்பிய பிறகும் அஃபான் பல நாள் விடியலில் வந்து அந்த மேட்டைச் சலித்துவிட்டுப் போவாராம். தன்மேல் விழுந்த பேச்சைவிட, ஒரு வீட்டுச் சாமி மணலில் கிடக்கிறதே என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லையாம். இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டார். அந்தப் பாலைவனத்தில் உன்னை யாரென்று தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். மறுபடி அங்கே போக வேண்டாம்.

உன் அண்ணன் என்ன சொல்கிறார் என்று கேட்பாய். "விட்று ரங்கா. ஒரு கல்லுக்காக பொறந்தவள விட்டர முடியுமா" என்றார். கல் என்று இன்னொரு தரம் சொன்னீர்களானால் இன்றைக்கு அடுப்பு எரியாதுங்க என்றேன். எழுந்து போனார். ஆனால் அன்றிலிருந்து அவர் பூஜை அறை வாசலில் செருப்பில்லாமல் வந்து நின்றுவிட்டுத்தான் ஃபவுண்டரிக்குப் போகிறார். முன்பெல்லாம் எட்டிக்கூடப் பார்க்காதவர். காலியாக இருக்கிற தட்டை அவர் பார்க்கிற பார்வைக்கும் உன்னிடம் எனக்குப் பாக்கி இருக்கிறது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கிரகப்பிரவேசத்தன்று டிவியை அணைத்ததும் பாலுசாமி மாமா கேட்டார்: "அப்ப, புரட்டாசி மூணாஞ் சனிக்கு வகுளாதான வந்து கைவழி சொல்லோணும்?" ஆமாங்க மாமா, வருவாள் என்றேன்.

நீ மறந்திருக்க மாட்டாய். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை நம் வீட்டில் தளிகைப் படையல். பங்காளி வீடெல்லாம் கூடும். இலை போடுவதற்கு முன், யாரிடம் பெருமாள் இருக்கிறாரோ அவர் அவரைக் கையில் ஏந்திக்கொண்டு, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தார் என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். நரசய்யா கையிலிருந்து குருவப்பா கைக்கு, குருவப்பா கையிலிருந்து லட்சுமணசாமி கைக்கு என்று உன் அப்பா சொல்லும்போது நீ தாவணியில் நின்று கேட்டிருக்கிறாய். கடைசியாக, 'அவர் கையிலிருந்து என் கைக்கு, அவர் தர நான் வாங்கினேன்' என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்ன பிறகுதான் சோறு.

இந்தப் புரட்டாசியில் நீ சொல்வாய். நம் ஜனம் அத்தனையும் நிற்கும். நான் முன்வரிசையில் நிற்பேன். 'ரங்கநாயகி கையிலிருந்து என் கைக்கு, அவர் தர நான் வாங்கினேன்' என்று பெருமாளைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துச் சொல். ஜனங்களுக்கு நான் சொன்ன பொய் கூடத்தில் சொன்னது. நீ சொல்லப்போவது அவரைக் கையில் வைத்துக்கொண்டு. உன்னால் முடிகிறதா என்று பார்ப்போம். முடிந்தால் எடுத்துக்கொண்டு போ. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். வராமல் இருந்துவிடலாம் என்று நினைக்காதே. வராவிட்டால் மாமா ஏன் என்று கேட்பார், அப்போது எனக்கு இன்னொரு பொய் சொல்லத் தெம்பு இருக்காது.

இன்னொரு வழியும் இருக்கிறது. கோயம்புத்தூர் ஏர்போர்ட்டில் உன்னைக் கூட்டிவர நான் மட்டும் வருவேன். வம்சி கார் ஓட்டுவான், அவனுக்கு ஒன்றும் தெரியாது. வண்டியில் நீ என் மடியில் வைத்துவிடலாம். எதுவும் சொல்ல வேண்டியதில்லை, நானும் கேட்க மாட்டேன். சனிக்கிழமை கைவழி நான் சொல்வேன். என் கையிலிருந்து உன் கைக்குப் போய், உன் கையிலிருந்து திரும்ப என் கைக்கு என்று உன் பெயரையும் சேர்த்தே சொல்வேன். நம் வம்சத்துக் கைவழியில் உன் பெயர் இருக்கும். அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே. மன்னித்துவிட்டேன் என்று எழுதுவேன் என்று கடைசிப் பக்கத்தைத் தேடினாயானால், அது இல்லை.

ஆனால் ஒன்றை எழுதாமல் உறையை ஒட்ட மனம் வரவில்லை. உன் அப்பா கடைசியாக அவரைத் தூக்கி நீட்டியபோது நாம் மூன்று பேர் கட்டிலைச் சுற்றி நின்றோம். உன் அண்ணன் கையை நீட்டவில்லை, அவருக்கு பயம். நான் நீட்டினேன். நீயும் நீட்டினாய். பெற்ற மகளின் கையைத் தாண்டி, வந்த மருமகளின் கையில் அவர் வைத்தார். அன்றைக்கு உன் கை எவ்வளவு நேரம் அப்படியே நீண்டு இருந்தது என்பதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். பார்த்துவிட்டுப் பார்க்காதவள் போல இருந்துவிட்டேன். அதனால் நீ செய்தது சரியாகிவிடாது.

பெருமாள் உனக்குத் தீர்க்க சுமங்கலி பாக்கியம் தரட்டும். பிரத்யுஷாவுக்கு நல்ல இடம் அமையட்டும். என்றைக்காவது உடம்பு முடியாமல் எழ முடியவில்லை என்றால் அவரைக் காயவிட்டுவிடாதே, எந்த நேரமானாலும் போன் செய், என்ன செய்வது என்று சொல்கிறேன். அதற்கு மட்டும் போன் எடுப்பேன்.

டிக்கெட் போட்டுவிட்டாயா, எந்தத் தேதியில் வந்து இறங்குகிறாய் என்பதைச் சீக்கிரம் எழுது.

இப்படிக்கு,
உன் வதினா
ரங்கநாயகி